மே ஒன்பது என்ன கிழமை

செட்டிகுளம் முகாம்
12.07.2009

அன்புத் தங்கச்சி துஷாந்திக்கு,

நானும் வசந்தரூபியும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிட்டேன், மிச்சத்தை ஆறுதலாக வாசி. முகாமுக்கு வந்துபோகும் கன்னியாஸ்திரி ஒருவர் இந்தக் கடிதத்தைக் கொழும்பில் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். உன் வீட்டு விலாசம் எழுதிய கொப்பி இடம்பெயர்ந்த வழியில் போய்விட்டது. பாரிசில் ரூ பெர்தொனேத் தெருவில் கனகசுந்தரம் அண்ணையின் கடை விலாசம் மட்டும் மனதில் நின்றது. ஊர்க்காரர், உன்னைத் தேடிப் பிடித்துக் கொடுப்பார்.

உன் அத்தான் போய்விட்டார். மே மாதம் ஒன்பதாம் திகதி. நாங்கள் இருந்த பதுங்குகுழிக்குக் கொஞ்சம் தள்ளி ஒருவர் சற்றலைற் போன் வைத்திருந்தார். வரிசையில் நின்றால் ஆளுக்கு இரண்டு நிமிடம். அத்தான் உனக்கு எடுக்கத்தான் போனார். பக்கத்தில் நின்ற அம்புறோஸ் பிறகு என்னிடம் சொன்னார், மணி அடித்துக்கொண்டே இருந்ததாம், யாரும் எடுக்கவில்லையாம். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற வழியில் செல் குண்டு விழுந்தது. அந்த இடத்திலேயே புதைத்தோம். ஒரு கிரியையும் செய்யவில்லை.

வசந்தரூபிக்குப் பதினொரு வயதாகிறது. தண்ணீர் வரிசையில் என்னை விடக் கெட்டித்தனமாக இடம் பிடிக்கிறாள். சித்தி எங்களை வந்து கூட்டிப்போவாவா என்று கேட்கிறாள்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை, பிள்ளை. கேட்கிறேன், அவ்வளவுதான். ஏன் எடுக்கவில்லை? வேலையா, போன் பழுதா? எழுதிவிடு. படுத்தால் அந்த யோசனைதான் வருகிறது.

உன்னை நினைத்தபடி,
அக்கா ஜெகதீஸ்வரி


பாரிஸ்
02.08.2009

என் அன்பு அக்காவுக்கு,

கனகசுந்தரம் அண்ணை கடிதத்தைக் கல்லாவுக்குக் கீழிருந்து எடுத்துத் தந்தார். உங்கள் கையெழுத்தைக் கண்டதும் கடைக்குள் நிற்க முடியவில்லை. நடைபாதையில் நின்று வாசித்தேன். பிறகு கார் து நோர் ரயில் நிலையம் வரை நடந்தேன், திரும்பித் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலுக்கு நடந்தேன், மறுபடியும் போனேன். தெரிந்தவர்கள் மறித்துக் கேட்டார்கள். பதில் சொன்னேனா என்று தெரியாது.

அத்தான் என்னை அப்புக்காத்தம்மா என்றுதான் கூப்பிடுவார். சட்டம் பேசுகிறேனாம். அந்தச் சொல்லைச் சொல்ல இனி யாரும் இல்லை அக்கா.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அன்று எனக்கு வேலை. ஒபர்வில்லியேயில் மொத்தமாகத் துணி விற்கும் களஞ்சியமொன்றில் வேலை செய்கிறேன். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மாலையில் எடுத்துப் பார்த்தேன். திருப்பி அடித்தேன், போகவில்லை. இதுதான் நடந்தது.

சித்திரையிலிருந்து நாங்கள் எல்லோரும் சண்டையை நிறுத்தச் சொல்லித் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தோம். தொண்டை கட்டியதுதான் கண்ட பலன். உங்களுக்கும் பிள்ளைக்கும் என்ன வேண்டும் என்று வெட்கப்படாமல் எழுதுங்கள். மருந்தா, கண்ணாடியா, எதுவானாலும்.

உங்களைப் பிரிந்து நிற்கும்,
துஷாந்தி


கிளிநொச்சி
21.03.2010

துஷாந்தி,

தை மாதம் எங்களை ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டில் கூரை இல்லை, தறப்பாள் கட்டியிருக்கிறோம்.

கனகசுந்தரம் அண்ணை பாரிசிலிருந்து ஊர் பார்க்க வந்தவர், எங்களையும் தேடி வந்தார். நல்ல மனிதர், வாய்தான் நிற்காது. “உங்கடை தங்கச்சிக்கு இப்ப ஒரு குறையுமில்லைப் பிள்ளை. யூத ஆளைக் கட்டி, அவையின்ரை வேதத்திலையும் சேர்ந்திட்டா. ஒரு கரைச்சல்தான், சனிக்கிழமையிலை வானம் இடிஞ்சு விழுந்தாலும் போன் எடுக்கமாட்டா” என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார். நானும் தெரிந்த மாதிரி இருந்துகொண்டேன்.

மே ஒன்பது என்ன கிழமை என்று எனக்கு நினைவில்லை. அங்கே நாள் ஏது, கிழமை ஏது. பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அதிபரின் அறையில் போன வருடத்துக் கலண்டர் இன்னும் தொங்குகிறது. போய்ப் பார்த்தேன்.

நீ எந்த வேதத்தில் சேர்ந்தாலும் அது உன் பாடு. கலியாணம் முடித்ததை அக்காவுக்குச் சொல்லவில்லை, அதுவும் போகட்டும். களஞ்சியம் என்றாய், அலுமாரி என்றாய், பூட்டு என்றாய். அந்தக் கடிதத்தை ஏழு மாதம் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். நீ எடுத்திருந்தால் இரண்டு நிமிடம் பேசியிருப்பார். இரண்டு நிமிடம் பிந்தி அந்த வழியால் வந்திருப்பார்.

இனி எழுதாதே. போனும் வேண்டாம். அந்த மணிச் சத்தம் கேட்டால் எழும்பி வெளியே போய்விடுகிறேன், வீட்டுக்குள் ஒருவரையும் போன் கொண்டுவர விடுவதில்லை.

ஜெகதீஸ்வரி


பாரிஸ்
18.04.2010

அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ளவாவது எழுத வேண்டும்.

அவருடைய பெயர் லூசியன். களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்தவர், முதல் மனைவி இறந்துபோனவர். அவருடைய தாய் துனீசியாவிலிருந்து ஐம்பது வருடத்துக்கு முன் இரண்டு பெட்டியோடு இங்கே வந்தவர். அவரை நான் மாமி என்றே கூப்பிடுகிறேன், அவருக்கும் அந்தச் சொல் பிடித்துவிட்டது. நான் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, இந்த நாட்டுக்கு வந்த பிறகு இன்றுதான் உறைப்பு என்று ஒன்றைக் கண்டேன் என்றார்.

லூசியனுக்காக மட்டும் நான் அந்த வேதத்தில் சேரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட வரச் சொன்னார்கள். பொழுது பட முன்னம் விளக்கேற்றினார்கள். போனில்லை, தொலைக்காட்சியில்லை, பேனை கூடத் தொடுவதில்லை. மறுநாள் இருட்டும் வரை அப்படித்தான். தங்கள் முன்னோர் துரத்தப்பட்டு ஆயிரம் ஆயிரம் வருடமான ஓர் ஊரின் பெயரைச் சொல்லிச் சாப்பாட்டு மேசையில் பாடினார்கள். பாரிசுக்கு வந்து அத்தனை வருடத்தில் என் கால் ஓரிடத்தில் நின்றது அன்றைக்குத்தான் அக்கா. ஐந்து வருடம் படித்தேன். மூன்று பெரியவர்களுக்கு முன்னால் என்னை உட்கார்த்திக் கேள்வி கேட்டார்கள். 2007இல் சேர்த்துக்கொண்டார்கள், அடுத்த வருடம் கலியாணம். உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தேன். வன்னிக்கு லைன் கிடைக்கிற அந்த நாலு நிமிடத்தில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்கவே நேரம் போய்விடும். பிறகு லைனும் இல்லாமல் போனது.

இனி அந்தச் சனிக்கிழமை.

மத்தியானச் சாப்பாடு. போன் குளிர்ப்பெட்டிக்கு மேலே இருந்தது. மற்றச் சனிகளில் அணைத்துவிடுவேன். சண்டை இறுகிய பிறகு அணைக்கவும் மனமில்லை, எடுக்கவும் துணிவில்லை, அப்படியே வைத்திருந்தேன். மணி அடித்தது. எழும்பிப் போய் இலக்கத்தைப் பார்த்தேன். நீளமான இலக்கம். அப்படி ஓர் இலக்கம் அந்த நாட்களில் எங்கிருந்து வரும் என்று லா சப்பலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

லூசியன் எடு என்றார். மாமியும், உயிர் விஷயத்துக்கு ஓய்வுநாள் தடையில்லை, அதுதான் சட்டம், எடு மகளே என்றார். நான் எடுக்கவில்லை. உயிர் விஷயம்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். மாமி கையை ஊன்றி எழும்பித் தானே எடுக்க வந்தார். நான் குறுக்கே நின்றேன் அக்கா. அவர் அந்த வேதத்தில் பிறந்தவர், நான் வந்து சேர்ந்தவள். கொஞ்சம் பிசகினாலும் இவள் உண்மையாகச் சேரவில்லை என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அந்த நாட்களில் எனக்குள் எந்த நேரமும் இருந்தது. கந்தசஷ்டிக்கு எல்லோரும் பால் பழம் சாப்பிட, நான் மட்டும் தண்ணீரும் குடிக்காமல் கிடந்து கோயில் வீதியில் மயங்கி விழுந்தேனே, அதே புத்தி. குருவை மிஞ்சிய சிஷ்யை.

மணி நின்றது. பொழுது பட்டதும் திருப்பி அடித்தேன். இரைச்சல் மட்டும் கேட்டது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் என்னை விட்டுவிடாதேங்கோ அக்கா. அம்மாவும் இல்லாத எனக்கு உங்களை விட்டால் யார்?

துஷாந்தி


பாரிஸ்
06.11.2011

அன்பு அக்காவுக்கு,

பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் தொழுகைக்கூடத்தில் ஒரு பெண்கள் குழு இருக்கிறது. நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, உடுப்புச் சேர்த்துக் கொடுப்பது, பெண்கள் யாராவது இறந்தால் குளிப்பாட்டி வெள்ளை உடுத்தி அனுப்புவது. கடைசி வேலைக்கு நானாகத்தான் கேட்டுப் போனேன். பேசாமல் செய்ய வேண்டும், இறந்தவரின் முகத்தை மூடியே வைத்திருக்க வேண்டும், முடிந்ததும் அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அத்தானுக்கு ஒருவரும் செய்யாத காரியத்தை முன்பின் தெரியாத மனுசிகளுக்குச் செய்கிறேன். மன்னிப்பும் அவரிடம்தான் கேட்கிறேன்.

ஞாயிறும் புதனும் ரூ பெர்தொனேயில் இருப்பேன். கனகசுந்தரம் அண்ணை தன் வாயால் நடந்ததற்குப் பரிகாரமாகக் கடையின் பின்னறையைத் தந்திருக்கிறார், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேசை. வன்னியிலிருந்து புதிதாக வந்த சனத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன், ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் கூடப்போகிறேன். முன்னால் அக்கா, அக்கா. பின்னால் எனக்கு அவர்கள் வைத்த பெயர் சனியக்கா. காதில் விழுந்தது, சிரித்துவிட்டேன்.

குழுப் பெண்களிடம் இந்தச் சனத்துக்குக் குளிர் உடுப்புக் கேட்டேன். ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு வயதான அம்மா கேட்டார். திரான்சியில் என்றேன். எழும்பி வெளியே போய்விட்டார். உலக யுத்தத்தில் யூதர்களைப் பிடித்து அடைத்த முகாம் அங்கேதான் இருந்ததாம், அவருடைய தகப்பனை அங்கிருந்துதான் ஏற்றிப்போனார்களாம். எங்கள் சனத்துக்குத் திரான்சி வாடகை குறைந்த இடம், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அந்த அம்மா ஒரு பை நிறையக் கோட்டுகளோடு கடைக்கு வந்தார். முகாமிலிருந்து வந்தவர்களா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

நடக்கிறேன், ஓடுகிறேன், வீட்டுக்கு வந்தால் லூசியன் உட்கார் என்கிறார். உட்கார்ந்தால் மணி கேட்கிறது.

உங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கும்,
துஷாந்தி


பாரிஸ்
17.02.2013

அன்பு அக்காவுக்கு,

போன மாதம் நடந்ததை உங்களுக்கு எழுதுவதா விடுவதா என்று யோசித்து நாலு கிழமை போய்விட்டது.

திரான்சியில் ஞானமலர் என்று ஒரு பிள்ளை, உங்கள் பக்கத்து ஊர். எட்டு மாதக் கர்ப்பிணி. புருசன் உணவகத்தில் வேலை. பிரெஞ்சில் வணக்கம் மட்டும் தெரியும். அவளுக்கு நான் இலக்கம் கொடுத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது, முதல் மணி முடிய முன்னமே கையில் எடுத்துவிட்டேன். “அக்கா, ரத்தம் போகுது” என்றாள். அவசர வண்டிக்கு அடித்துச் சொன்னேன். மாமி கோட்டைத் தந்தார். டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டர் கேட்டதை அவளுக்கும் அவள் சொன்னதை டொக்டருக்கும் சொல்லிக்கொண்டு நின்றேன். பெண் பிள்ளை. இரண்டு பேரும் சுகம்.

மறுநாள் எங்கள் மதகுரு ரபியிடம் போனேன். ஓய்வுநாளில் இத்தனையும் செய்தேன், என்ன பிராயச்சித்தம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, உயிர் போகிற நேரத்தில் செய்யலாமா கூடாதா என்று கேட்டுக்கொண்டு நிற்பவர்தான் பாவம் செய்கிறார், எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அப்போதுதான் 2009ஐ அவரிடம் சொன்னேன். அத்தானின் பெயரை மட்டும் கேட்டு எழுதிவைத்தார். ஆறுதல் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

கடையில் என் இலக்கத்தை ஒட்டியிருக்கிறேன். எந்த நாளும் எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். பிந்திவிட்டது, தெரியும்.

துஷாந்தி


கிளிநொச்சி
12.10.2014

அன்புத் தங்கச்சிக்கு,

ஞானமலரின் தாய் போன கிழமை வந்தார். பேத்தியின் படம் கொண்டுவந்தார். “உங்கடை தங்கச்சி அண்டைக்குப் போன் எடுக்காட்டி என்ரை பிள்ளையுமில்லை, பேத்தியுமில்லை” என்று என் கையைப் பிடித்து அழுதார். சனிக்கிழமை என்பதையும் சொன்னார்.

அவர் போன பிறகு எனக்கு வந்தது சந்தோசமில்லை, ஆத்திரம். முன்பின் தெரியாத ஒருத்திக்கு முதல் மணியில் எடுத்திருக்கிறாய். என் மனுசனுக்கு எடுக்கவில்லை. களஞ்சியம் என்று பொய் எழுதினாயே, அதற்குப் பிறகு வந்த உன் கடிதங்களை நான் உடைக்கவே இல்லை, பெட்டிக்குள் கிடந்தன. அடுப்பில் போட எடுத்தேன். ஒன்று கிழிந்து திறந்துகொண்டது. மாமி எழும்பி வந்ததும் நீ குறுக்கே நின்றதும் கண்ணில் பட்டது. உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தேன்.

உண்மையைச் சொல்ல நீ எடுத்தது எட்டு மாதம். எனக்கு ஐந்து வருடம் ஆகிவிட்டது.

அத்தான் அன்றைக்குப் போகமாட்டேன் என்றார். காலையிலிருந்து செல் விழுந்துகொண்டிருந்தது. “அவள் அங்கையிருந்து என்ன செய்வாள், சும்மா அவளைப் பயப்படுத்துறதோ” என்றார். நான் விடவில்லை. உன் குரலை ஒருதரம் கேட்டுவிட்டு வந்து, சுகமாக இருக்கிறாள் என்று எனக்குச் சொல்லட்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு ஒன்றுமில்லை. அவர் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது. “உங்கடை ஆக்களெண்டால் இதுக்குள்ளை போயிருப்பியள்” என்று சொன்னேன். அந்தச் சொல்லுக்குத்தான் எழும்பிப் போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை நான் வசந்தரூபிக்கும் சொல்லவில்லை. நீ ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும், நீ ஏன் அனுப்பினாய் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உன் கடிதங்களை வாசித்த பிறகு வேறு யோசனை இல்லை. சாப்பாடு இறங்குவதில்லை. கிணற்றடிக்குப் போனால் பிள்ளை பின்னாலேயே வந்து நிற்கிறாள். ஏன் வருகிறாய் என்று ஏசினேன். ஏன் வருகிறாள் என்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பதில் எழுத உனக்கு மனமில்லாவிட்டால் விளங்கிக்கொள்வேன். தபால்காரன் வரும் நேரம் வாசல் படலையடியில் நிற்பேன்.

அக்கா


பாரிஸ்
25.10.2014, சனிக்கிழமை காலை

என் அக்காவுக்கு,

கடிதம் இப்போதுதான் வந்தது. இன்றைக்குப் பேனை தொடுவது எனக்கு விலக்கு. பொழுது படும்வரை பொறுத்தால் தபாற்கந்தோர் பூட்டிவிடும், கடிதம் திங்கட்கிழமைதான் புறப்படும். கிணற்றடி என்று எழுதிய உங்களை இரண்டு நாள் கூடக் காக்க வைக்க மாட்டேன். தெரிந்துதான் எழுதுகிறேன்.

எழுத முன்னம் ஞானமலரின் தாய்க்குப் போன் எடுத்துவிட்டேன். இன்று பின்னேரமே உங்களிடம் வருவதாகச் சொன்னார், நான் சொல்லும் வரை உங்களோடுதான் படுப்பார். கோபியாதேங்கோ. அவர் சமைத்துத் தருவதைச் சாப்பிடுங்கள்.

அத்தானை நீங்கள் கொல்லவில்லை. நானும் கொல்லவில்லை. செல் அடித்தவன் கொன்றான். அவன் எங்கோ நன்றாக நித்திரை கொள்கிறான், நாங்கள் இரண்டு பேரும் அவன் செய்ததைப் பாதி பாதியாகச் சுமந்துகொண்டு ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம். இப்படி எழுதுவதால் எனக்கு அந்த மணி கேட்காமல் போகாது, உங்களுக்கும் அந்தச் சொல் மறக்காது. ஆனால் இனித் தனியாக இருந்து நினைக்க வேண்டாம். எனக்குச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன்.

அத்தான் ஏதோ உதவி கேட்கத்தான் எடுத்தார், நான் கதவைச் சாத்திவிட்டேன் என்றே இந்த ஐந்து வருடமும் நினைத்திருந்தேன். நான் சுகமாக இருக்கிறேனா என்று கேட்கத்தான் அனுப்பினீர்கள் என்று எனக்குத் தெரியாது அக்கா. அந்தக் குழிக்குள் இருந்துகொண்டு என் சுகம் கேட்டிருக்கிறீர்கள்.

மாமி வந்து, மேசையில் நான் எழுதுவதைப் பார்த்தார். வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தபாற்கந்தோர் பூட்டும் பன்னிரண்டு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. ஓடுகிறேன்.

துஷாந்தி